வெளிநாட்டு டூரும் அஞ்சறைப் பெட்டியும்: பட்ஜெட்ல யாரும் எழுதாத ரெண்டு வரி



லீவு சீசன் வந்தா என் ஆபீசுக்கு ஐடி ரிட்டர்ன் கேள்விகளோட இன்னொரு கேள்வியும் வர ஆரம்பிச்சுடும். "மேடம், குடும்பத்தோட சிங்கப்பூர் போறோம். இந்த பட்ஜெட் சரியா இருக்கான்னு பாருங்க." ஒரு எக்செல் ஷீட் வரும். டிக்கெட், ஹோட்டல், விசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ், சாப்பாடு, ஷாப்பிங், சொந்தக்காரங்களுக்கு சாக்லேட் எல்லாம் வரிசையா இருக்கும். சாக்லேட்டுக்கு 6,000 ரூபாய்னு துல்லியமா எழுதியிருப்பாங்க.

ஆனா ரெண்டு வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஒண்ணு, சின்ன உடம்பு கோளாறுக்கான செலவு. இன்னொண்ணு, பெரிய உடம்பு கோளாறுக்கான செலவு.

முதல் வரியை நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டி பார்த்துக்கும். ரெண்டாவது வரியை டிராவல் இன்சூரன்ஸ் பார்த்துக்கணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. அந்தக் கோடு எங்க இருக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியலைன்னா, பணம் கட்டி வாங்கின பாலிசி கூட உதவாது. இந்தப் பதிவு அந்தக் கோட்டைப் பத்தித்தான்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் ஆடிட்டர், டாக்டர் இல்லை. அதனால மருந்தை விட அதைச் சுத்தியிருக்கற கணக்கைத்தான் அதிகமா பேசப்போறேன். உதாரணத்துக்கு சிங்கப்பூர், மலேசியா டூரையே எடுத்துக்கலாம். சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து குடும்பமா கிளம்பறவங்கள்ல நிறைய பேருக்கு முதல் வெளிநாடு அதுதானே.

டூர்ல மட்டும் உடம்பு ஏன் படுத்துது?

ராத்திரி ஃப்ளைட், தூக்கம் கிடையாது. விமானத்துக்குள்ள வறண்ட காத்து. இறங்கினா வெளியில புழுக்கம், உள்ள நடுங்க வைக்கற ஏசி. எம்ஆர்டி, மால், ஹோட்டல் எல்லா இடத்துலயும் இதே கதை. வீட்டுல ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர் நடக்காதவங்க அங்க பத்து கிலோமீட்டர் நடக்கறாங்க. சாப்பாட்டு நேரம் மாறிடும், காரம் மாறிடும், தண்ணி குடிக்கறது குறைஞ்சிடும்.

இதோட விளைவு என்னன்னு பார்த்தா தொண்டை கரகரப்பு, மூக்கடைப்பு, வயித்து உப்புசம், மலச்சிக்கல், தலைவலி, கால் வலி, குழந்தைங்களுக்கு வாந்தி. இதுல பெரும்பாலானது ரெண்டு நாள்ல தானா சரியாகக்கூடியது. வீட்டுல இருந்தா இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட ஓட மாட்டோம். பாட்டி ஒரு டம்ளர் சுக்குத் தண்ணி போட்டுக் கொடுப்பாங்க, வேலை முடிஞ்சது.

சின்ன கோளாறுக்கு இன்சூரன்ஸ் ஏன் உதவாது?

இங்கதான் கணக்கு வருது. பல டிராவல் பாலிசிகள்ல டிடக்டிபிள்னு ஒண்ணு இருக்கும். அதாவது பில்லுல முதல் இவ்வளவு தொகையை நீங்களே கட்டணும், அதுக்கு மேல உள்ளதைத்தான் கம்பெனி கட்டும். உங்க பாலிசியில அது 100 அமெரிக்க டாலர்னு வைங்க. டாலர் 90 ரூபாய்னு ரவுண்டா எடுத்துக்கிட்டா 9,000 ரூபாய்.

இப்போ சிங்கப்பூர்ல தொண்டை வலிக்கு ஒரு கிளினிக் போறீங்க. டாக்டர் ஃபீஸ், மருந்து எல்லாம் சேர்த்து 60 சிங்கப்பூர் டாலர்னு உதாரணத்துக்கு எடுத்துக்கலாம். ஒரு டாலர் 70 ரூபாய்னு போட்டா 4,200 ரூபாய். இது டிடக்டிபிளுக்குள்ளயே அடங்கிடுது. ஒரு ரூபாய் கூட கிளெய்ம் வராது. அஞ்சு பேர் போற டூர்ல மூணு பேருக்கு தொண்டை கட்டினா 12,600 ரூபாய், முழுக்க உங்க பாக்கெட்டிலிருந்து.

அதே தொண்டைக்கு வீட்டிலிருந்து எடுத்துட்டுப் போற கல்லுப்பும் சுக்கும் மிளகும் சேர்ந்து நூறு ரூபாய் ஆகாது. அதனால அஞ்சறைப் பெட்டின்னா ஏதோ பழைய பஞ்சாங்கம்னு நினைக்காதீங்க. உங்க இன்சூரன்ஸ் தொடங்கறதுக்கு முன்னாடி இருக்கற அந்த முதல் 9,000 ரூபாய்ப் பள்ளத்தை மூடறது அதுதான்.

பெட்டிக்குள்ள என்னென்ன வைக்கலாம்?

பெரும்பாலான ஹோட்டல் ரூம்ல ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் இருக்கும். அதை மனசுல வெச்சுத்தான் இந்த லிஸ்ட். கெட்டிலுக்குள்ள சுக்கைப் போடாதீங்க, அடுத்து வர்றவங்க காபி போடணும். தண்ணியை மட்டும் கொதிக்க வெச்சு, டம்ளர்ல ஊத்தி, அதுல பொடியைப் போட்டு மூடி வெச்சா போதும்.

கல்லுப்பு: வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளிச்சா தொண்டை கரகரப்புக்கு இதமா இருக்கும். அதே உப்பை பக்கெட்ல போட்டு ராத்திரி பத்து நிமிஷம் காலை வெச்சு உட்கார்ந்தா, நடந்து நடந்து வீங்கின காலுக்கும் சுகம். சுகர் இருக்கறவங்க மட்டும் சூட்டை வீட்டுல வேற யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லணும். பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா சுட்டாலே தெரியாது.

சுக்கு, மிளகு: ஜலதோஷத்துக்கும் இருமலுக்கும் சூடா குடிச்சா தொண்டைக்கு ஆறுதல். கருப்பட்டி சேர்க்கறது சுகர் இல்லாதவங்களுக்கு மட்டும்.

இஞ்சி மரப்பா: குமட்டலுக்கு இஞ்சி உதவுதுன்னு டாக்டர்களே ஒத்துக்கறாங்க. மலேசியாவுல கெந்திங் ஹைலேண்ட்ஸ் போற மலைப்பாதையில வளைவு அதிகம், குழந்தைங்க வாந்தி எடுக்கறது சகஜம். பஸ் ஏறும் முன்னாடியே வாயில ஒரு துண்டு போட்டுடுங்க. ஃப்ளைட் இறங்கும்போது காது அடைச்சாலும் இதைச் சப்பி எச்சில் முழுங்கினா காது திறந்துக்கும். இதுக்கு சூயிங் கம் சிங்கப்பூருக்குள்ள எடுத்துட்டுப் போக முடியாது, 1992-லிருந்தே அங்க தடை. கைக்குழந்தைன்னா இறங்கற நேரத்துல பால் கொடுத்தாலே போதும்.

ஓமம், சீரகம்: சாப்பாடு செரிக்காம வயிறு உப்பிக்கிட்டா. சாதாரண உப்புசத்துக்கு மட்டும்தான். இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழே மறுபடியும் பேசணும்.

தைலம்: தலைவலிக்கும் மூக்கடைப்புக்கும். நம்ம ஊர் அமிர்தாஞ்சன் 1893-லிருந்து இருக்கு. சிங்கப்பூர் போறவங்க திரும்பி வரும்போது டஜன் கணக்குல வாங்கிட்டு வர்ற கோடாலித் தைலம், 1928-ல அங்கேயே தொடங்கின கம்பெனியோட தயாரிப்பு. டைகர் பாம் சகோதரர்கள் 1937-ல கட்டின ஹா பார் வில்லா இன்னிக்கும் ஒரு டூரிஸ்ட் இடம். போகும்போது ஒரு சின்ன பாட்டில் போதும், மிச்சத்தை முஸ்தபாவுல பார்த்துக்கலாம்.

ஓஆர்எஸ் பாக்கெட்: பெட்டியிலேயே முக்கியமானது இதுதான். வாந்தி, வயித்துப்போக்குன்னா உடம்புல தண்ணியும் உப்பும் குறையறதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஃபார்முலாவுல ஒரு லிட்டர் பாக்கெட் 20.5 கிராம் இருக்கும். பாக்கெட் மேல அந்த ஃபார்முலான்னு எழுதியிருக்கான்னு பாருங்க. டெட்ரா பேக்ல வர்ற இனிப்பு ஜூஸ் எல்லாம் ஓஆர்எஸ் இல்லை. அந்த மாதிரி பானங்கள் பேருல ஓஆர்எஸ்னு போடக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபர்ல உத்தரவே போட்டுடுச்சு. பாக்கெட் தீர்ந்துடுச்சுன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி, தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சிங்கப்பூர்ல குழாய்த் தண்ணியே குடிக்கலாம். மலேசியாவுல கொதிக்க வெச்சதோ பாட்டில் தண்ணியோதான்.

இதோட உங்க டாக்டர் எழுதிக் கொடுத்த ஜுர மாத்திரை, பேண்டேஜ், தெர்மாமீட்டர். மொத்தப் பெட்டியும் 500, 600 ரூபாய்ல முடிஞ்சிடும். எடை ஒரு கிலோ கூட வராது.

பெரியவங்க தினமும் சாப்பிடற பிபி, சுகர் மாத்திரையை மட்டும் இந்தப் பெட்டியில வைக்காதீங்க. அது கைப்பையில, டூர் நாளை விட ஒரு வாரம் கூடுதலா, டாக்டர் சீட்டோட இருக்கணும். பெட்டி தொலைஞ்சா மாத்திரையும் தொலையும். இன்சுலினும் கைப்பையிலதான், விமானத்தோட அடிவயித்துல குளிர்ல உறைஞ்சு போக வாய்ப்பிருக்கு.

எதை வீட்டிலேயே விட்டுட்டுப் போகணும்?

நம்ம ஊர்ல மளிகைச் சாமானா இருக்கறது இன்னொரு நாட்டுல போதைப் பொருளா இருக்கலாம். இதுல அபராதத்தை விட ஜெயில்தான் பெரிய பயம்.

கசகசா: முதல் எதிரி. சிங்கப்பூர்லயும் ஐக்கிய அரபு அமீரகத்துலயும் தடை. தூக்கம் வரலைன்னா கசகசா பால்னு பாட்டி சொல்வாங்க. அங்க வேண்டாம். வீட்டுல அரைச்ச கரம் மசாலா, குருமாப் பொடியில கசகசா இருக்கான்னும் பாருங்க.

கோடீன் கலந்த இருமல் சிரப்: நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல பாதி பாட்டில் கிடக்கும். சிங்கப்பூர், துபாய் ரெண்டு இடத்துலயும் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. தூக்க மாத்திரைக்கும் இதே கதைதான். டாக்டர் எழுதிக் கொடுத்து கண்டிப்பா வேணும்னா, அந்த நாட்டு சுகாதாரத் துறை இணையதளத்துல முன்னாடியே அனுமதி வாங்கணும்.

லேபிள் இல்லாத பொடிகள்: வெள்ளைப் பொடியை ஜிப்லாக் கவர்ல கட்டி "இது திப்பிலி" னு சொன்னா ஏர்போர்ட்ல யாருக்கும் புரியாது. கடையில பாக்கெட்டா, பேரும் கம்பெனியும் அச்சடிச்சதா வாங்குங்க. பஸ்பம், செந்தூரம் மாதிரி உலோகம் சேர்ந்த மருந்துகளை எடுத்துட்டுப் போகவே வேண்டாம்.

திரவங்கள்: கஷாயம், எண்ணெய், தைலம் எதுவா இருந்தாலும் கைப்பையில ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல போகக்கூடாது.

ஆஸ்திரேலியா போறவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க விதை, உணவுப்பொருள், மூலிகை எதுவானாலும் வருகைப் படிவத்துல ஒளிக்காம எழுதணும். எழுதிட்டா அதிகபட்சம் பொருளை எடுத்து வெச்சுக்குவாங்க. எழுதாம மாட்டினா அபராதம், அதுவும் அங்க உள்ள டாலர் கணக்குல.

குழந்தைங்க விஷயத்துல பாட்டி வைத்தியத்துக்கும் பிரேக் உண்டு

ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் கூடாது. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு கற்பூரம் சேர்ந்த தைலம் தடவக்கூடாதுன்னு டப்பா மேலேயே போட்டிருக்கும். கற்பூரம் வாய் வழியா போனா வலிப்பு வரலாம். காது வலிச்சா பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தற வேலையும் வேண்டாம். வசம்பையும் ஊர்லயே விட்டுட்டு வாங்க.

இப்போ அந்தக் கோடு

பெட்டியை மூடிட்டு போனை எடுக்க வேண்டிய நேரம் எது? இந்த லிஸ்ட்டை போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

நெஞ்சுல அழுத்தம், எரிச்சல், மேல் வயித்து வலி, அதோட வியர்வை, மூச்சு வாங்கல், இடது கை அல்லது தாடை வலி. பேச்சு குழறல், முகம் ஒரு பக்கம் கோணல், கை கால் பலமில்லாம போறது. ரெண்டு நாளுக்கு மேல ஜுரம். மலத்திலோ வாந்தியிலோ ரத்தம். குழந்தை ஆறு மணி நேரமா சிறுநீர் கழிக்கலைன்னா. தண்ணி குடிச்சாக்கூட வாந்தி வந்தா.

ஜுரத்துக்கு ஒரு கூடுதல் குறிப்பு. சிங்கப்பூர், மலேசியா ரெண்டுலயும் டெங்கு இருக்கு. நிலவேம்பு குடிச்சுட்டு நாளை ஓட்டாதீங்க, ரத்தப் பரிசோதனை பண்ணணும். டெங்குவா இல்லையான்னு தெரியற வரைக்கும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடாதீங்க, ரத்தக்கசிவு அதிகமாகலாம்.

இதெல்லாம் தெரிஞ்ச விஷயம்தானேன்னு தோணும். தெரிஞ்ச குடும்பத்துலயும் என்ன நடக்குதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன்.

எனக்கு கிளையண்ட் ஒருத்தர், ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார். மனைவி, ரெண்டு குழந்தைங்க, 66 வயசு அம்மாவோட சிங்கப்பூர் போனார். பொறுப்பானவர். எல்லாருக்கும் 50,000 டாலருக்கு டிராவல் பாலிசி எடுத்தார். அம்மாவுக்கு பிபி இருக்கறதையும் படிவத்துல ஒழுங்கா எழுதினார். பாலிசி பிடிஎஃப் அவர் மெயில்ல பத்திரமா இருந்தது.

ரெண்டாவது நாள் செந்தோசாவிலிருந்து திரும்பின ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சு கரிச்சிருக்கு. பேத்தியைக் கூப்பிட்டு பெட்டியிலிருந்து ஓமத்தை எடுக்கச் சொல்லி வெந்நீர்ல போட்டுக் குடிச்சுட்டு, "வாயுதான், சரியாயிடும்" னு படுத்துட்டாங்க. அடுத்த ரெண்டு நாளும் "எனக்குக் கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" னு ஹோட்டல் ரூமிலேயே இருந்துட்டாங்க. ஊருக்கு வந்த மறுநாள் மாடிப்படி ஏற முடியலை. இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், மாரடைப்பு வந்து நாலஞ்சு நாள் ஆயிருக்கும்னு சொன்னார். ஸ்டென்ட் வெச்சாங்க. உயிர் பிழைச்சுட்டாங்க, ஆனா இதயத் தசையில ஒரு பகுதி சேதமானது ஆனதுதான்.

"ஏம்மா அங்கேயே சொல்லலை?" னு மகன் கேட்டப்போ அந்தம்மா சொன்ன பதில்: "தண்ணி பாட்டிலே இருநூறு ரூபாய்னு நீதானேப்பா சொன்ன. டாக்டர்னா எவ்வளவு கேப்பானோன்னு பயமா இருந்துச்சு. புள்ளைங்க சந்தோஷமா இருக்கும்போது நான் ஏன் செலவு வைக்கணும்?"

அவர் என்கிட்ட இதைச் சொல்லும்போது குரல் உடைஞ்சிடுச்சு. "பாலிசி எடுத்தேன் மேடம். எடுத்திருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லவே இல்லை."

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். காசு இல்லாம இல்லை. கவரேஜும் இருந்தது. வலி வந்த ஆளுக்கு அது தெரியாது. நம்ம வீட்டுப் பெரியவங்க வெளிநாட்டுல ஒவ்வொரு பொருளையும் ரூபாய்க்கு மாத்திப் பார்ப்பாங்க. அதுல தப்பில்லை, அந்தச் சிக்கனம்தான் நம்மைப் படிக்க வெச்சது. ஆனா தன் உடம்பு வலியையும் ரூபாய்க்கு மாத்திப் பார்த்து, "இது ஓமத்துக்குள்ள அடங்கற வலிதான்" னு அவங்களே முடிவு பண்ணிடறாங்க. மருந்துப் பெட்டி கூடவே இருக்கறதால அந்த முடிவை எடுக்கறதும் சுலபமாயிடுது.

பாலிசி வாங்கும்போது பார்க்க வேண்டிய அஞ்சு விஷயம்

1. இந்தியாவுல நீங்க வெச்சிருக்கற ஹெல்த் பாலிசி பெரும்பாலும் இந்தியாவுக்குள்ள மட்டும்தான் செல்லும். "ஏற்கெனவே 10 லட்சம் கவர் இருக்கு" னு நினைச்சு விமானம் ஏறாதீங்க. டிராவல் பாலிசியைக் கிளம்பறதுக்கு முன்னாடியே வாங்கணும்.

2. பிபி, சுகர், பழைய ஆபரேஷன் எதையும் மறைக்காதீங்க. மறைச்சா கிளெய்ம் நிராகரிக்க அதுவே காரணமாயிடும். ஏற்கெனவே இருக்கற நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான அவசரத்துல மட்டும் கவர் தர்ற பாலிசிகள்தான் அதிகம். அதுக்கு தனி உச்சவரம்பு இருக்கான்னு பாலிசி வாசகத்துல படிங்க.

3. கவர் தொகை. ஷெங்கன் விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோ கவர் கட்டாயம். சிங்கப்பூருக்கு அப்படி நிபந்தனை இல்லாததால பலர் பாலிசியே எடுக்கறதில்லை. ஆனா அங்க அரசு ஆஸ்பத்திரியிலயும் வெளிநாட்டவருக்கு மானியம் கிடையாது, முழு பில்லும் நீங்கதான். 50,000 டாலருக்குக் குறைஞ்சு எடுக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

4. டிடக்டிபிள் எவ்வளவு, பெரியவங்களுக்கு வயசு வரம்பு உண்டா, ஆஸ்பத்திரி செலவுக்கு உள்வரம்பு இருக்கான்னு பாருங்க. விலை குறைஞ்ச பாலிசியில இந்த மூணுலதான் கை வெச்சிருப்பாங்க.

5. 24 மணி நேர உதவி எண். அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியோ ஆன உடனேயோ அங்க போன் பண்ணினாத்தான் கேஷ்லெஸ் கிடைக்க வழி. இல்லைன்னா ஆஸ்பத்திரி டெபாசிட்டை நீங்க கட்டிட்டு, ஊருக்கு வந்து பில்லோட அலையணும்.

இப்போ மொத்தக் கணக்கு. அஞ்சு பேர், ஏழு நாள், டூர் செலவு 4 லட்சம்னு வைங்க. பிரீமியம் பெரியவங்க ரெண்டு பேருக்கு தலா 500, குழந்தைங்க ரெண்டு பேருக்கு தலா 400, அம்மாவுக்கு வயசு காரணமா 1,500. மொத்தம் 3,300 ரூபாய். இதெல்லாம் உதாரணத் தொகைதான், கம்பெனிக்கு கம்பெனி மாறும். மருந்துப் பெட்டி 600. ரெண்டும் சேர்த்து 3,900 ரூபாய், டூர் செலவுல ஒரு சதவீதத்துக்கும் கம்மி. சாக்லேட் பட்ஜெட்டை விட 2,100 ரூபாய் குறைவு!

பணம் கட்ட வேண்டி வந்தா

கேஷ்லெஸ் கிடைக்கற வரைக்கும் டெபாசிட் கட்ட லிமிட் உள்ள ஒரு கிரெடிட் கார்டு வேணும். கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல சர்வதேசப் பரிவர்த்தனையை ஆன் பண்ணிடுங்க. மெஷின்ல "ரூபாயா, உள்ளூர் கரன்சியா" னு கேட்டா உள்ளூர் கரன்சியைத் தேர்ந்தெடுங்க. ரூபாயைத் தேர்ந்தெடுத்தா அந்த மெஷின்காரர் வைக்கற ரேட்தான், பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

"மேடம், ஆஸ்பத்திரி பில்லை கார்டுல கட்டினா டிசிஎஸ் பிடிப்பாங்களா?" இது நிறைய பேர் கேட்கற கேள்வி. வெளிநாட்டுல இருக்கும்போது கிரெடிட் கார்டுல பண்ற செலவை எல்ஆர்எஸ் கணக்குக்குள்ள கொண்டு வர்றதை அரசு 2023-லயே தள்ளி வெச்சுடுச்சு. அதனால அதுக்கு டிசிஎஸ் கிடையாது. டூர் பேக்கேஜுக்குப் பிடிச்ச டிசிஎஸ் உங்க 26ஏஎஸ்-ல தெரியும், ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம் அல்லது ரீஃபண்ட் வாங்கலாம். ஆனா அந்தப் பணம் சில மாசம் முடங்கிக் கிடக்கும். கையில உள்ள எமர்ஜென்சி ஃபண்டைக் கணக்கு போடும்போது அதைச் சேர்க்காதீங்க.

டாக்டர் சீட்டு, பில், பணம் கட்டின ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, டெஸ்ட் ரிப்போர்ட் அஞ்சையும் அங்கேயே போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. ஊருக்கு வந்தப்புறம் அந்த ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டு டூப்ளிகேட் கேக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒரு பத்து நிமிஷம்

பெட்டி கட்டி முடிச்சதும் அம்மா, அப்பா, மாமனார், மாமியார் யார் வர்றாங்களோ அவங்க பக்கத்துல உட்கார்ந்து மூணு விஷயம் சொல்லுங்க.

முதல் விஷயம்: "அம்மா, உங்களுக்கு அங்க 45 லட்ச ரூபாய் வரைக்கும் ஆஸ்பத்திரி செலவுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கேன். பணம் கட்டியாச்சு. நீங்க டாக்டரைப் பார்த்தாலும் பார்க்கலைன்னாலும் அந்தப் பணம் திரும்பி வராது." டாலர்ல சொல்லாதீங்க, ரூபாய்ல சொல்லுங்க. பணம் ஏற்கெனவே போயிடுச்சுன்னு தெரிஞ்சா நம்ம பெரியவங்க மனசு மாறிடும். ஆடிட்டரா நான் கண்ட உண்மை இது!

ரெண்டாவது: "பெட்டியிலிருந்து எதை எடுத்தாலும் எங்க யார்கிட்டயாவது சொல்லிட்டு எடுங்க." ஒரே விஷயத்துக்கு ரெண்டாவது தடவை ஓமமோ தைலமோ தேவைப்பட்டா, அது வீட்டுல பேச வேண்டிய விஷயம். நெஞ்சுப் பகுதின்னா முதல் தடவையே சொல்லணும்.

மூணாவது: அவங்க போன்லயும் ஒரு சீட்டுலயும் இந்த எண்களை எழுதிக் கொடுங்க. சிங்கப்பூர்ல ஆம்புலன்ஸ் 995. மலேசியாவுல 999. கூடவே பாலிசி எண், இன்சூரன்ஸ் உதவி எண், ஹோட்டல் பேர், சாப்பிடற மாத்திரைகளோட பேர். சீட்டு பர்ஸுக்குள்ள, பாஸ்போர்ட் காப்பியோட இருக்கட்டும்.

குழந்தைங்ககிட்டயும் சொல்லி வைங்க. "பாட்டி உன்கிட்ட மருந்து கேட்டா எடுத்துக் கொடு, ஆனா அப்பாகிட்ட வந்து சொல்லிடு." எட்டு வயசுக் குழந்தைக்கு இது நல்லாவே புரியும்.

டிக்கெட் புக் பண்ணி வெச்சிருக்கறவங்க இன்னிக்கு ராத்திரி ரெண்டு வேலை பண்ணுங்க. எக்செல் ஷீட்ல அந்த ரெண்டு வரியைச் சேருங்க. அப்புறம் பாலிசி பிடிஎஃப்ஐ மெயிலிலிருந்து எடுத்து, பிரிண்ட் போட்டு, வீட்டுப் பெரியவங்க கையில கொடுங்க.

டிராவல் பாலிசி வாசகத்தை வரிக்கு வரி படிக்கறது எப்படின்னு அடுத்த வாரம் சேனல்ல ஒரு வீடியோ போடறேன். உங்க பாலிசியை எடுத்து பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பாருங்க. நல்லபடியா போயிட்டு வாங்க!